வண்டித்துறைத் தோரணவாயில்

எங்கள் வீட்டு பீரோவைத் திறந்தால் முதலில் சால்வைகள்தான் மேலே வந்து விழும். சிவப்பு, பச்சை, ஊதா, ஓரத்தில் பொய்ச் சரிகை. என் சேலைகளைக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிற டிரங்குப் பெட்டிக்கு அனுப்பிப் பல வருஷமாகிறது. சுதந்திர தினம், குடியரசு தினம், பள்ளிக்கூட ஆண்டு விழா, கபடிப் போட்டி, போன மாசம் ஒரு பல் ஆஸ்பத்திரித் திறப்பு, எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மேடையில் உட்காரவைத்து, ஒன்றைப் போர்த்தி அனுப்பிவிடுவார்கள்.

அந்தச் சால்வையை வைத்து என்ன செய்வது என்று யாராவது எனக்குச் சொன்னால் புண்ணியமாகப் போகும். துவட்டினால் தண்ணீரை உறிஞ்சாது. போர்த்தினால் வேர்க்கும்; எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் மார்கழியில்கூட அதற்கு வேலையில்லை. ஜன்னலுக்குத் திரையாகப் போட்டுப் பார்த்தேன், வீடு கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. தரையில் விரிக்கலாம் என்றால் அவர் விடமாட்டார். "மரியாத செஞ்சு போட்டது ஏட்டி, மிதிக்கக் கூடாது" என்பார்.

என் வீட்டுக்காரர் பெயர் சுடலைராஜ். பட்டாளத்தில் இருந்தவர். கார்கில் சண்டையில் ஒரு கண்ணிவெடிக்கு இடது காலை, முழங்காலுக்குக் கீழே, கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். நான் அவருக்கு வாழ்க்கைப்பட்டது அதற்கப்புறம்தான். பெண் பார்க்க வந்த அன்றே எல்லார் முன்னாலும் வேட்டியை விலக்கிப் பொய்க்காலைக் காட்டி, "நல்லாப் பாத்துக்கிடுங்க, பொறவு சொல்லலைன்னு சொல்லக் கூடாது" என்றார். அந்த நேர்மையைப் பார்த்துத்தான் தலையாட்டினேன். ஆனால் அப்படிப் பளிச்சென்று பேசிய மனிதருக்கு, ஊர்ப் பெரியவர்கள் எதிரில் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

காலையில் விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் மத்தியானம்தான் விடுவார்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலி. பொய்க்காலின் குழிக்குள் வேர்த்து, தோல் உரிந்து, வீட்டில் வந்து கழற்றினால் உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கும். நான் எண்ணெய் தடவிக்கொண்டே திட்டுவேன். அவர் சிரிப்பார். "ரெண்டு வார்த்த பேசுங்க மிலிட்டரி" என்று மைக்கை நீட்டினால், "ஜெய் ஹிந்த்" என்று சரியாக இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிற ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இத்தனைக்கும் அவருக்கு இந்த ஊரில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். காலையில் தாமிரபரணியில் ஒரு முழுக்கு. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. இல்லாத காலில் அவருக்கு வலி வரும். இல்லாத பெருவிரலில் அரிக்கும். சொறிய இடமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாத்திரை போட்டால் தூக்கம்தான் வருகிறது, வலி போகவில்லை. ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றால் மட்டும் அது அடங்கிவிடும், அன்றைக்கு முழுவதும் தலை காட்டாது. ஏன் என்று டாக்டருக்கே தெரியவில்லை. மருதமர நிழலில் அவர் மல்லாந்து மிதக்கும்போது அந்த முகத்தைப் பார்த்தால், இந்த மனிதரோடு இன்னும் ஒரு ஜென்மம் சண்டை போடலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஊரில் கோயிலை ஒட்டிப் படித்துறை இருக்கிறது. படிகள் செங்குத்து, பாசி வேறு. அவருக்கு அது ஆகாது. மேற்கே கொஞ்சம் தள்ளி வண்டித்துறை. முன்பு மாடு கழுவவும் வண்டி இறக்கவும் சரிவாக வெட்டிவிட்ட மண்பாதை. இப்போது வண்டியும் இல்லை, மாடும் இல்லை, இவர் ஒருவர்தான். சைடு வீல் ஸ்கூட்டரில் சரிவில் பைய இறங்கி, தண்ணீர் ஓரத்திலேயே நிறுத்தி, காலைக் கழற்றி முன்கூடையில் வைத்துவிட்டு, சீட்டிலிருந்து நழுவினால் ஆறு. யார் கையையும் பிடிக்க வேண்டியதில்லை. அவருக்கு முக்கியமே அதுதான்.

இந்தச் சித்திரையில் புதுக் கால் பொருத்த புனேயில் உள்ள ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அளவெடுத்து, செய்து, நடந்து பழக என்று வாரக்கணக்கில் தங்க வேண்டியதாகிவிட்டது. அங்கே குழாய்த் தண்ணீரில் குளித்துக் குளித்து, வலி ராத்திரி பகல் பார்க்காமல் வந்தது. "ஊருக்குப் போயி ஆத்துல எறங்கிட்டா சரியாப் போவும்" என்று எனக்கும் சேர்த்து அவரே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். ரயில் வந்து சேர்ந்த மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டார். நானும் அழுக்குத்துணி மூட்டையோடு ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வண்டித்துறையில் சரிவைக் காணவில்லை.

சரிவு இருந்த இடத்தில் இரண்டு பெரிய தூண். மேலே ஒரு வளைவு. வளைவின் இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த சிமெண்டு சிப்பாய்கள். இரண்டு பேருக்கும் ரோஸ் நிறத்தில் உதடு. நடுவில் பெரிய எழுத்தில் 'கார்கில் வீரர் சுடலைராஜ் தோரணவாயில்'. தூணுக்கும் தூணுக்கும் நடுவே மண்ணைக் கொத்தி எடுத்துவிட்டு, தண்ணீர் வரைக்கும் பளபளவென்று டைல்ஸ் ஒட்டிய படிகள். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முள்ளும் பாறையும்.

அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அண்ணாந்து தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூணுக்குப் பின்னாலிருந்து ஆவுடைநாயகம் அண்ணாச்சி வந்தார். சிமெண்டுக் கடை வைத்திருப்பவர், எங்கள் ஊர் நலக்குழுவுக்குத் தலைவர். கூடவே முகுந்தன், அக்ரஹாரத்துப் பையன், பெங்களூரில் பெரிய வேலை. செலவு முழுவதும் அவன் ஏற்றுக்கொண்டானாம்; சிப்பாய்களின் உதட்டுச் சாயம் வரை போனிலேயே கேட்டுக் கேட்டு முடிவு செய்தார்களாம். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

"அடடா, பாத்துட்டியளே வே! ஞாயித்துக்கெழம தெறப்பு விழா வரைக்கும் ரகசியமா வச்சிருக்கணும்னு நெனச்சோம்" என்றார் அண்ணாச்சி. "எப்படி இருக்கு மிலிட்டரி?"

"சார் தினமும் இங்கதான் ஸ்நானம் பண்றார்னு அம்மா ஃபோன்ல சொன்னா" என்றான் முகுந்தன். "அதான், பஸ் ஸ்டாப்புல எல்லாம் வேண்டாம், சாரோட எடத்துலயேதான் வைக்கணும்னு நான் பிடிவாதமா சொல்லிட்டேன்."

நல்ல பையன்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் அந்த இடத்திலேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டு, மூட்டையையும் அவன் தலையில் வைத்திருப்பேன். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ரொம்ப நல்லாருக்கு அண்ணாச்சி" என்றார். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வழியெல்லாம் அடக்கி வைத்திருந்ததை வீட்டு வாசலில் கொட்டினேன். "நல்லாருக்கா? என்னத்த நல்லாருக்கு? ஒங்க பேர எழுதி ஒங்க வழிய அடச்சி வச்சிருக்கானுவ, நல்லாருக்காம்ல நல்லாருக்கு! ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"அவுக மனசு நொந்துரும் ஏட்டி."

"ஒங்க காலு நோவுதே, அது?"

அவர் குழாயடியில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கட்டிலில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வலி வந்துவிட்டது. இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கால் இருக்க வேண்டிய இடத்தை வெறித்துப் பார்த்தபடி இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் போயி அண்ணாச்சிகிட்ட சொல்லுதேன்" என்று செருப்பை மாட்டினேன்.

"ராணி" என்றார். முத்துராணி என்கிற என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிடுவது அபூர்வம். நின்றேன்.

"மத்த நாளெல்லாம் நான் இந்த ஊருல நொண்டி மிலிட்டரி. ரேஷன் கடையில, பஸ்ல, டீக்கடையில அதான் எம் பேரு. சால்வ போடுத அன்னைக்கித்தான் மைக்குல சுடலைராஜ் அவர்களேங்காக. இது வேண்டாம், அது நொட்டைன்னு சொல்லப்போயி, கூப்புடுததையே விட்டுட்டாகன்னா?"

செருப்பைக் கழற்றிவிட்டேன். அத்தனை சால்வையையும் அவர் எதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்போதும் கோபம் போகவில்லை, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. விழாவில் வாயைத் திறக்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வரை அவர் ஆற்றுப் பக்கமே போகவில்லை, ஒழுங்காகத் தூங்கவும் இல்லை.

விழா அன்று பந்தல், ஒலிபெருக்கி, வாழைமரம். இவருக்கு வெள்ளைச் சட்டை, மார்பில் மெடல்கள், புதுக் காலுக்குப் புது ஷூ. சிறப்பு விருந்தினராக வர வேண்டிய அதிகாரி வரவில்லை. திருநெல்வேலியைத் தாண்டிவிட்டார், சேரன்மகாதேவியைத் தாண்டிவிட்டார் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் ஆளாளுக்கு வந்து சால்வை போட்டார்கள். கழுத்து வரை ஏறிவிட்டது. வெயிலில் அவர் முகம் வெளுத்து, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வதைப் பார்த்தேன். வலி வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். மேடையில் இருந்தவர்கள் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

இனிமேலும் தாங்காது என்று அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "ஐயா வாரதுக்குள்ள நம்ம வீரரே நாடாவ வெட்டட்டும். மொத ஆளா அவுகதான் இந்தப் படியில எறங்கணும். இனி நம்ம மிலிட்டரி ராசா மாதிரி குளிக்கலாம்!"

கூட்டம் தூண்களுக்குப் போனது. இவர் நாடாவை வெட்டினார். படியெல்லாம் பன்னீர் தெளித்து ரோஜா இதழைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஈர டைல்ஸ், அதன்மேல் பூ. இரண்டு கால் உள்ளவனே முருகா என்றுதான் இறங்க வேண்டும். எல்லார் கையிலும் செல்போன் உயர்ந்துவிட்டது. இவர் மேல்படியில் நின்று கீழே ஆற்றைப் பார்த்தார். நகரவில்லை.

அண்ணாச்சி ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பந்தல்காரர்களைப் பார்த்து, "ஏலே, ரெண்டு பேரு வாங்கலே. மிலிட்டரியத் தூக்கிக் கீழ கொண்டு வைங்க, போட்டோ எடுக்கணும்லா" என்றார்.

இரண்டு பேர் வந்து இவர் கக்கத்தில் கை கொடுத்தார்கள்.

"வேண்டாம்" என்றார் இவர்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஊர்க்காரர்களிடம் இவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டார்கள்.

சால்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துத் தூண் ஓரமாக வைத்தார். மேல்படியில் உட்கார்ந்தார். பேன்டைச் சுருட்டி, வாரை அவிழ்த்து, காலைக் கழற்றினார். ஷூவும் சாக்ஸுமாக அப்படியே அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி பரிசு வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்புறம் இவர் கையை ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக நழுவி இறங்கினார். மெடல்கள் கிணுகிணுவென்று டைல்ஸில் இடித்தன. நடுவில் ஒரு தடவை வழுக்கி முழங்கை தேய்ந்தது. நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசிப் படியில் மெடல்களைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் போனார்.

உடனே எல்லாரும் கை தட்டினார்கள்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சிமெண்டுத் துப்பாக்கிகள் நிஜமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. இவரோ எதையும் கவனிக்கவில்லை. கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடி நின்றார். உதட்டின் இழுப்பு மெல்ல மெல்ல விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சரி மிலிட்டரி, படம் எடுத்தாச்சு, ஏறி வாங்க" என்றார் அண்ணாச்சி.

"எப்படி அண்ணாச்சி ஏற?" என்று கீழேயிருந்து கேட்டார் இவர். "எறங்கத்தான் முடியுது. ஏற முடியாது."

கை தட்டல் நின்றது.

"அதுக்கென்ன, நாலு பேரு சேந்து தூக்கிருதோம்."

"நாளைக்கும் வருவியளா? அதுக்கு மறுநாளும்? எனக்கு ஒரு நாளைக்கி இல்ல அண்ணாச்சி, தெனமும் வேணும். முந்தி நானே வந்து நானே போனேன். இந்தப் படியில ஒரு பாதியக் கொத்தி எடுத்து, மண்ணப் போட்டுச் சரிவாக்குங்க. வளைவு நிக்கட்டும், நல்லாத்தான் இருக்கு. அதுவரைக்கும் நான் இங்கனயே இருக்கேன்."

முகுந்தன் முகம் சுண்டிவிட்டது. "சார், மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்!"

விழாவில் வாயைத் திறப்பதில்லை என்ற சத்தியம் அந்த இடத்தில் முடிந்தது. நாடாதான் வெட்டியாகிவிட்டதே.

"நீங்க கேட்டியளா தம்பி?" என்றேன். "சிமெண்டுச் சிப்பாய்க்கு ஒதட்டுக்கு என்ன சாயம் அடிக்கன்னு போன்ல கேட்டுக் கேட்டுச் செஞ்சிய. உசுரோட இருக்க சிப்பாய்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா? அண்ணாச்சி, ஒங்களையுந்தான். தெனமும் காலையில வந்து அந்தக் காலப் பிடிச்சிக்கிட்டு நிப்பியளா?"

அண்ணாச்சி அப்போதுதான் கையில் இருப்பதைப் பார்த்தார். கீழே வைக்கவும் தயக்கம், யாரிடமாவது கொடுக்கவும் தயக்கம். ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். முகுந்தன் யாரையும் பார்க்காமல் நேராக, படி கட்டின கொத்தனார் இசக்கியிடம் போனான். "ஒடச்சிடுங்கோ" என்றான்.

"லே, சிமெண்டு இன்னும் முழுசாக் காயவே இல்லையே!" என்றார் அண்ணாச்சி.

"காயாததும் நல்லதுதான், லேசா வந்துரும்" என்று இசக்கி கடப்பாரை எடுக்கப் போனார்.

முதல் டைல்ஸ் தெறித்த நேரத்தில்தான் அந்த அதிகாரி வந்து சேர்ந்தார். ஒரு கக்கத்தில் காலும் ஒரு கையில் சால்வையுமாக அண்ணாச்சி அவரை வரவேற்க ஓடினார். அதிகாரி மேலே வளைவைப் பார்த்தார், கீழே கடப்பாரையைப் பார்த்தார், தண்ணீரில் நிற்கிறவரைப் பார்த்தார். "விழா ஆரம்பிச்சாச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"இப்பத்தான் சார் ஆரம்பிக்கு" என்றேன்.

பந்தல் போட்டவர்கள், மைக் செட்காரர், கபடிக் குழுப் பையன்கள் எல்லாரும் மண் சுமந்தார்கள். முகுந்தன் பட்டு வேட்டியோடு சட்டி தூக்கினான். உச்சி வெயில் சாய்வதற்குள் ஒரு பக்கம் சரிவு வந்துவிட்டது. நானே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் ஓரத்தில் நிறுத்தினேன். இவர் சீட்டைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. அண்ணாச்சி காலைக் கொண்டுவந்து கூடையில் வைத்துவிட்டு, அவசரமாக ஒரு சால்வையை எடுத்து இவர் முதுகைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கத் தண்ணீர் அதன்மேல் வழிந்து ஓடியது.

"என்ன வே இது, தண்ணிய இழுக்கவே மாட்டேங்கு?"

"இத்தன வருசம் கழிச்சாவது தெரிஞ்சுதே அண்ணாச்சி" என்று பையிலிருந்து ஈரிழைத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கி, இவர் தலையைத் தன் கையாலேயே துவட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். வண்டித்துறையில் நானும் இவரும் மட்டும். தோரணவாயிலுக்கு அடியில் ஸ்கூட்டர் குலுங்கிக் குலுங்கி இறங்கியது. இவர் தண்ணீரில் மல்லாந்து மிதந்தார், நான் துணி அடித்துக்கொண்டிருந்தேன். கோயில் படித்துறையில் குளித்து முடித்த ஆவுடைநாயகம் அண்ணாச்சி தலையைத் துவட்டிக்கொண்டே கரையோடு வந்தார். மைக் இல்லை, சால்வை இல்லை, பார்க்க ஒரு ஈ காக்காய் இல்லை.

"என்ன சுடலைராஜ், தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றார்.

இவர் தண்ணீரில் நேராக எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். ஒருத்தர் பெயர் சொல்லி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், குளுகுளுன்னு இருக்கு என்றோ கலங்கலா வருது என்றோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?

"ஜெய் ஹிந்த் அண்ணாச்சி" என்றார்.

ஈரக் கையோடு தலையில் அடித்துக்கொண்டேன்.